கணக்குக் கேட்பது நன்றிகெட்டத்தனமா?

தமிழ்ப்பள்ளியில் படித்த ஆறு ஆண்டுகளும் எனக்குப் படிவம் நிரப்பும் வேலை இருந்ததில்லை. எங்கள் வகுப்பாசிரியைக்கு ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு நிலவரமும் தெரியும். வேண்டியதை அவரே எழுதிக் கொள்வார். 2016-இல் தேசிய இடைநிலைப்பள்ளியில் சேர்ந்த முதல் வாரம்தான் ஒரு படிவத்தைக் கையில் கொடுத்து, நிரப்பிக் கொண்டு வரச் சொன்னார்கள். அதன் அடியில் ‘இபு பாபா / பெஞ்சாகா’ என்று அச்சாகியிருந்தது. பொருந்தாததை அடித்துவிட வேண்டுமாம். அடிக்கோலை வைத்து ‘இபு பாபா’வை அடித்தேன். மிச்சமிருந்த சொல்லின் மேல் அன்று மாலை பெரியப்பா கையெழுத்திட்டார்.

பெஞ்சாகா என்றால் பாதுகாவலர். அச்சொல்லுக்குள் இருக்கும் ‘ஜாகா’ நம் வீடுகளுக்குப் புதிதன்று. தொழிற்சாலையிலும் அடுக்குமாடியிலும் இரவுக் காவல் பார்ப்பவரை நாம் ‘ஜாகா’ என்றுதான் சொல்கிறோம். ஜாகாவின் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும். கிடங்கில் இருக்கும் ஒரு பொருளும் அவருடையதன்று. காலையில் வேலை மாறும்போது புத்தகத்தில் நேரம் எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அதை எந்த ஜாகாவும் அவமானமாக எடுத்துக் கொண்டதாகக் கேள்விப்பட்டதில்லை. ஆனால், ஒரு பிள்ளைக்குப் பெஞ்சாகாவாக இருப்பவரிடம் அதே மாதிரி ஒரு புத்தகத்தைக் கேட்டால் வீடே கலங்கிப் போகிறது. ஏன்?

என் கதையைச் சொல்லாமல் இதைப் பேசினால் பாடநூலை ஒப்புவித்தது போலாகிவிடும். எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது அம்மா நோயில் இறந்தார். 2014 ஜூலையில் அப்பா, வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் லோரி மோதி இறந்தார். எனக்குப் பதினொரு வயது. தம்பிக்கு ஆறு. காரியம் முடிந்த மறுநாள் பெரியப்பா எங்கள் துணிமணிகளை இரண்டு பையில் கட்டி, தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். அவருக்கு ஏற்கெனவே மூன்று பிள்ளைகள். அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் பின்னால் வரும் எதையும் அதை மறந்துவிட்டுப் படிக்க வேண்டாம்.

அப்பா விட்டுப் போனவை நான்கு. ஒரு மலிவுவிலை வீடு. எங்கள் இருவர் பெயரையும் எழுதி வைத்திருந்த ஊழியர் சேமநிதிப் பணம். ஒரு சின்னக் காப்புறுதி. பிறகு மாதாமாதம் வரும் சொக்சோ பணம். வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தையும் சொக்சோ வேலை விபத்தாகவே ஏற்றுக் கொள்கிறது. இறந்தவரின் மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கு என்பது அதன் கணக்கு. பிள்ளைகளுக்கு 21 வயது வரை, அல்லது திருமணமாகும் வரை கிடைக்கும். உயர்கல்விக் கூடத்தில் முதல் பட்டம் படித்துக் கொண்டிருந்தால் படிப்பு முடியும் வரை தொடரும். (இதைப் படிக்கும் இளையோரில் யாருக்காவது 21 வயதானதும் பணம் நின்றுபோயிருந்தால், படிப்புச் சான்றுடன் உடனே சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள். நின்றது நின்றதுதான் என்று பேசாமல் இருந்துவிட்ட இருவரை நானே பார்த்திருக்கிறேன்.)

2023 செப்டம்பரில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. பதிவுக் கட்டணம், விடுதிச் செலவு, மடிக்கணினி என்று ஒரு பட்டியல் போட்டுக் கொண்டு கூடத்துக்குப் போனேன். பெரியப்பா செய்தி பார்த்துக் கொண்டிருந்தார்.

“பெரியப்பா, அப்பா பணம் இன்னும் எவ்ளோ இருக்கு?”

இவ்வளவுதான் கேட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பதில் சமையலறையிலிருந்து வந்தது.

“என்ன, இத்தன வருசம் சோறு போட்டதுக்குக் கணக்கா கேக்குற? பில்லு எழுதிக் குடுக்கட்டுமா?”

பெரியம்மா அழுதார். நானும் அழுதேன். பெரியப்பா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகு விடுதிக்குக் கிளம்பும் நாள் வரை அவர் என்னிடம் பேசியது நான்கு வார்த்தைகூட இராது. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் பதினைந்தாவது பொதுத்தேர்தலில் நான் வாக்களித்திருந்தேன். நாட்டின் கணக்கைக் கேட்க எனக்கு வயதாகிவிட்டது. அப்பாவின் கணக்கைக் கேட்கத்தான் ஆகவில்லை போலும்.

நான் சட்டம் படிப்பவள் அல்லள், உயிரியல் மாணவி. ஆனால், விடுதியில் என் அறைத்தோழி சட்டத்துறை. அவளிடம் புலம்பியபோது அவள் எடுத்துக் காட்டியதுதான் 1961-ஆம் ஆண்டின் சிறார் பாதுகாவலர் சட்டம். முஸ்லிம் அல்லாத நம் குடும்பங்களுக்கு இதுதான் அடிப்படை. நான் எதிர்பார்த்ததைவிடச் சிறிய சட்டம் அது. சிறாரின் உடலுக்கும் வாழ்வுக்கும் பொறுப்பேற்பவர் வேறு, சிறாரின் சொத்துக்குப் பொறுப்பேற்பவர் வேறு என்று அது பிரித்துப் பேசுகிறது. முதலாமவர் பிள்ளையின் பராமரிப்பு, உடல்நலம், கல்வி ஆகியவற்றுக்குப் பொறுப்பு. இரண்டாமவர், விவேகமுள்ள சாதாரண மனிதர் ஒருவர் தம் சொந்தச் சொத்தை எவ்வளவு கவனமாகப் பார்த்துக் கொள்வாரோ அவ்வளவு கவனமாகப் பிள்ளையின் சொத்தைப் பார்த்துக் கொள்ள வேண்டும். இரண்டு பொறுப்பும் ஒரே ஆளிடம் இருக்கலாம். நம் வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. குழப்பமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

‘சொந்தச் சொத்தைப் போல’ என்று சட்டம் சொல்லும் ‘போல’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நாமும் “சொந்தப் பிள்ளை மாதிரி வளர்த்தேன்” என்கிறோம். அந்த ‘மாதிரி’யில் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால், சொந்தப் பிள்ளையின் உண்டியலை உடைத்து மின்கட்டணம் கட்டும் உரிமையும் அதே ‘மாதிரி’யில் வந்து ஒட்டிக் கொள்கிறது. கவனம் சொந்தத்தைப் போல இருக்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் எண்ணம். உரிமை அப்படி இருக்க முடியாது.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? பிள்ளையின் பணத்திலிருந்து பிள்ளையின் சாப்பாட்டுக்கும் பள்ளிப் பேருந்துக்கும் மருந்துக்கும் நியாயமாகச் செலவு செய்வதைச் சட்டம் தடுக்கவில்லை. வரும் வாடகையும் மாதத் தொகையும் அதற்குத்தான். தம் கைக்காசைப் போட்டுத்தான் வளர்க்க வேண்டும் என்று பாதுகாவலரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால், முதலில் கை வைக்கும்போது நின்று யோசிக்க வேண்டும். நீதிமன்றம் நியமித்த சொத்துப் பாதுகாவலர், நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் பிள்ளையின் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. நிலத்தை ஓராண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவும் கூடாது. பணத்தைத் தமக்குத் தாமே கடனாகக் கொடுத்துக் கொள்வதும், தம் பணத்தோடு கலந்து வைப்பதும் அந்தப் பொறுப்புக்குப் பொருந்தாதவை. தவறினால் நீதிமன்றம் அவரை நீக்கலாம். வேண்டுமென்றே அபகரித்தால் அது நம்பிக்கை மோசடி, குற்றவியல் விவகாரமாகிவிடும்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் சொல்ல வேண்டும். அப்பா இறந்தால் அவருடைய அண்ணன் தாமாகவே பாதுகாவலர் ஆகிவிடுவார் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. தாய் உயிரோடிருந்தால் பொறுப்பு அவருடையது. தந்தைக்கும் தாய்க்கும் சம உரிமை உண்டு என்று 1999-இல் சட்டத்தைத் திருத்தியே எழுதிவிட்டார்கள். ஆனாலும், கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கு மலாய் சரியாக வராது என்ற ஒரே காரணத்துக்காகக் கொழுந்தனார் கோப்பைத் தூக்கிக் கொண்டு முன்னால் நடப்பதும், அவர் காட்டிய இடத்தில் அந்தப் பெண் கையெழுத்துப் போடுவதும் இன்னும் நடக்கிறது. தாயும் தந்தையும் இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு, பெற்றோர் உயிலில் யாரையாவது குறிப்பிட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீதிமன்றம்தான் நியமிக்க வேண்டும்.

பெரியப்பா நீதிமன்றம் போயிருந்தார். அதையும் அறைத்தோழி கேட்டுத்தான் தேடினேன். பெரியப்பா வீட்டுச் சாமி அறை அலமாரியில், சாம்பிராணி வாசத்தோடு ஒரு நீலக் கோப்பு. அதில் பாதுகாவலர் உத்தரவும், அப்பாவின் சொத்தை நிர்வகிக்கும் பத்திரமும் இருந்தன. நிர்வாகிகள் என்று இரண்டு பெயர்: பெரியப்பா, சித்தப்பா. உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் சிறாருக்குப் பங்கு இருந்தால் தனிநபர் ஒருவரை மட்டும் நிர்வாகியாக்க மாட்டார்கள். குறைந்தது இருவர் வேண்டும், அல்லது அமானா ராயா போன்ற அறங்காவல் நிறுவனம் வேண்டும். ஒருவர் செய்வதை மற்றவர் பார்த்துக் கொண்டிருக்கட்டும் என்றுதான் இருவர். சித்தப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த மாதமே ஜொகூருக்கு மாறிப் போய்விட்டார். அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்று அவரிடம் கேட்டால் இன்றும் தெரியாது. “அண்ணன் போடச் சொன்னாரு, போட்டேன்” என்பார். நம் குடும்பங்களில் இரண்டாவது கையெழுத்துக்கு இதற்கு மேல் அர்த்தம் இருந்ததில்லை.

பதிவு முடிந்து ஆறு வாரம் கழித்து, தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, பெரியப்பா விடுதி வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பழைய பிஸ்கட் டின். சிற்றுண்டிச் சாலையில் ஒரு மூலை மேசையில் உட்கார்ந்தோம். டின் முழுக்க ரசீதுகள். பள்ளிச் சீருடை, காலணி, பேருந்துக் கட்டணம், எனக்கு டெங்கி வந்தபோது கட்டிய மருத்துவமனைச் செலவு. அவர் எல்லாவற்றையும் வைத்திருந்தார்! ஆனால், எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் வெறும் வெள்ளைக் காகிதம். கடைகளில் இயந்திரம் அச்சடித்துத் தரும் ரசீது நாளானால் எழுத்து மறைந்துவிடும் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இதுலயும் ஒன்னும் இல்ல” என்று சொல்லிச் சொல்லி ஒருபக்கம் அடுக்கினார். அந்தக் காட்சி என்னைவிட்டுப் போகவில்லை.

அன்று மாலை ஐந்து மணி வரை நாங்கள் இருவரும் கணக்குப் போட்டோம். எனக்கு 18 வயதான 2021 ஜூன் வரை மட்டும் எடுத்துக் கொண்டோம். மொத்தம் 84 மாதம். சேமநிதியும் காப்புறுதியும் சேர்த்து 48,000 வெள்ளி. சொக்சோ மாதம் 620 வெள்ளி வீதம் 52,080. அப்பா வீட்டு வாடகை மாதம் 350 வீதம் 29,400. ஆக, எங்கள் இருவருக்காகவும் வந்தது 129,480 வெள்ளி. செலவுக்கு ரசீது இல்லாததால் மதிப்புப் போட்டோம். இரண்டு பிள்ளைக்கு மாதம் 900 வெள்ளி என்றேன். அவர் 800 போதும் என்றார். (ஆமாம், அவர்தான் குறைத்தார்.) 900 என்றே வைத்தேன், 75,600 ஆயிற்று. மிச்சம் 53,880 இருக்க வேண்டும். வங்கியில் நிரந்தர வைப்பில் இருந்தது 21,000.

இடையில் இருக்கும் 32,880 வெள்ளி எங்கே? அவர் யோசித்து யோசித்துச் சொன்னார். 2016-இல் வீட்டின் பின்பக்கம் ஓர் அறை எடுத்தது, 9,000. அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கைமாற்றாக எடுத்தது, 6,500. மீதி 17,380 வெள்ளி. அதற்கு அவரிடம் பதில் இல்லை. அவர் குடிப்பவர் அல்லர். நான்கு நம்பர் எடுப்பவரும் அல்லர். மருத்துவச் செலவு, கோவில் காணிக்கை, வேலை இல்லாமல் இருந்த ஐந்து மாதம் என்று எங்கெங்கோ கரைந்திருக்கிறது.

இங்கேதான் எனக்கு உண்மையான சிக்கல். அந்தப் பின் அறையைக் கட்டியது எனக்காக. அதில்தான் நான் படுத்தேன், அதில்தான் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். படித்தேன். ஆகவே, அது என் செலவா? ஆனால், அறை நிற்பது பெரியப்பாவின் வீட்டில். நான் போன பிறகும் அங்கேதான் நிற்கும். நாளை வீட்டை விற்றால் அதன் விலையில் அந்த அறையும் சேரும். அறைத்தோழியிடம் கேட்டேன். சொந்த வீட்டின் மதிப்பைக் கூட்டும் செலவைப் பிள்ளையின் பணத்தில் செய்வதற்கு முன் நீதிமன்றத்தைக் கேட்டிருக்க வேண்டும் என்றாள் அவள். சரிதான். ஆனால், அறை கட்டுவதா வேண்டாமா என்று நீதிமன்றத்தைக் கேட்கும் பெரியப்பா நம் தாமான்களில் எத்தனை பேர் இருப்பார்கள்?

அவர் முன்கூட்டியே நாற்பது காசு நோட்டுப் புத்தகம் ஒன்றில் எழுதி வைத்திருந்தால், அந்த 17,380 வெள்ளியில் முக்கால்வாசி எங்களுக்கே செலவானது என்று தெரிந்திருக்கலாம். என் கேள்விக்கு அவர் புத்தகத்தைத் தூக்கி மேசை மேல் போட்டிருக்கலாம். பெரியம்மாவும் அழுதிருக்க வேண்டியதில்லை. இப்போதோ, நான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேனா, அவர் எனக்குக் கடன்பட்டிருக்கிறாரா என்று இருவருக்கும் தெரியாது. எழுதாமல் விட்டதால் அதிகம் இழந்தது நானல்ல, அவர்தான் என்பது என் கருத்து. ஏழு ஆண்டு உழைத்து எங்களை வளர்த்ததற்கு அவரிடம் சாட்சி இல்லை.

இதைச் சொன்னால் நண்பர்கள் ஒன்று சொல்கிறார்கள்: “உறவுக்குள்ள கணக்கு வந்தா அன்பு போயிடும்.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், நாம் உறவுக்குள் கணக்கு வைக்காத சமூகமா? மொய்ப் புத்தகம் நம் வீட்டு அலமாரியில்தானே இருக்கிறது! 1998-இல் யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் 50 வெள்ளி எழுதினார், அதைத் திருப்பி எழுதியாயிற்றா என்று பாட்டிமார் இன்றும் புரட்டிப் பார்க்கிறார்கள். மளிகைக் கடைப் பற்றை 555 நோட்டில் எழுதியே மூன்று தலைமுறை வாழ்ந்திருக்கிறோம். நமக்குக் கணக்கு எழுதத் தெரியும். திருப்பிக் கேட்கக் கூடியவனுக்கு எழுதுகிறோம். கேட்கத் தெரியாத பிள்ளைக்கு எழுதுவதில்லை. காதணி விழாவில் தாய்மாமன் போட்ட சங்கிலி யாருடையது? பிள்ளையுடையது. அது அடகுக்கடைக்குப் போகும்போது பிள்ளையைக் கேட்டவர் உண்டா? பெற்றோர் உயிரோடு இருக்கும் வீட்டிலேயே இப்படி என்றால், பெற்றோர் இல்லாத வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நம் மொழியிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு பெண் ‘வயதுக்கு வந்துவிட்டாள்’ என்றால் மண்டபம் எடுத்து, தட்டு வரிசை வைத்து, ஊரைக் கூட்டிச் சொல்கிறோம். சட்டப்படி ஒருவரைப் பெரியவராக்குவது 1971-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் 18 வயது. அந்த நாள் நம் வீடுகளில் ஒரு கேக்கோடு முடிந்து போகிறது. “இந்தா, இது உன் பணம், இது கணக்கு” என்று சொல்லும் சடங்கு நம்மிடம் இல்லை.

பெரியப்பாக்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போவதும் நியாயமன்று. நாள்சம்பளக்காரர் அவர். அந்த நீலக் கோப்புக்காக அவர் இழந்த வேலை நாள்கள் எத்தனை என்று அவரே எண்ணவில்லை. உத்தரவு முழுக்கச் சட்ட மலாய். எனக்கே அகராதி வேண்டியிருந்தது. அந்த ஏழு ஆண்டுகளில் ஒருவர்கூட அவரைக் கூப்பிட்டு, பிள்ளைகளின் பணம் எங்கே இருக்கிறது என்று விசாரிக்கவில்லை. 21,000 வெள்ளி வைப்புத்தொகையும் அவர் பெயரிலேயே இருந்தது. அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால், அது அவருடைய சொத்தாகத்தான் பார்க்கப்பட்டிருக்கும். எங்கள் பணம் என்று நிரூபிக்க நாங்கள் அலைந்திருக்க வேண்டும். பிள்ளைகளின் பெயரில் தனிக் கணக்கு திறந்திருந்தால் தீர்ந்திருக்கும். இதை அவருக்குச் சொல்ல வீட்டில் படித்தவர் யாரும் அப்போது இல்லை.

இப்போது இருக்கிறோம். இதழைக் கையில் வைத்திருக்கும் நாம்தான் நம் குடும்பங்களில் பாரம் நிரப்பும் ஆள்கள். இறப்புப் பத்திரம் எடுப்பதற்கும் சொக்சோவுக்கு எழுதுவதற்கும் நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள். அப்போது இரண்டு காரியம் கூடுதலாகச் செய்தால் என்ன? பிள்ளையின் பெயரில் தனிக் கணக்கு, ஒரு நோட்டுப் புத்தகம். துக்க வீட்டில் இதைப் பேசுவது கடினம்தான். ஆறு மாதம் கழித்துப் பேசுவது அதைவிடக் கடினம். விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காகக் கோவிலிலும் இயக்கங்களிலும் நாம் நன்கொடை திரட்டுகிறோம். பெரிய அட்டைக் காசோலையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக் கொள்கிறோம். அது யார் கணக்கில் போய் விழுகிறது என்று அடுத்த மாதம் கேட்பவர் யார்?

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலருக்கு இப்போது பிள்ளைகள் இருக்கும். சேமநிதியில் யார் பெயரை எழுதியிருக்கிறீர்கள்? முஸ்லிம் அல்லாத உறுப்பினர் ஒருவர் யாரை நியமிக்கிறாரோ, அவருக்கே அந்தப் பணம் சொந்தமாகிவிடும். “தம்பி பேரப் போட்டிருக்கேன், அவன் பிள்ளைங்களப் பாத்துக்குவான்” என்று எழுதுவீர்களானால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் அதைத் தம்பிக்கே கொடுத்துவிட்டீர்கள். பார்த்துக் கொள்வதும் கொள்ளாததும் அவர் மனம். உயில் எழுதி, பாதுகாவலர் யார் என்று குறிப்பிட்டு வையுங்கள். காப்புறுதியில் பிள்ளையின் பெயரை எழுதினால் அத்தொகை உங்கள் பொதுச் சொத்தில் சேராமல் பிள்ளைக்கான அறங்காவல் பணமாக நிற்கும். அறங்காவலர் யார் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுங்கள். அப்பா எங்கள் பெயரை எழுதியிருந்தார். அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்.

அன்று சிற்றுண்டிச் சாலையில் கணக்கு முடிந்த பிறகு பெரியப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்தப் பதினேழாயிரத்த எம் பேர்ல கடனா எழுதிக்கமா” என்றார். நான் எழுதவில்லை. எழுதாதது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால், அதில் பாதி தம்பியின் பணம். அதை விட்டுக் கொடுக்க எனக்கு உரிமையில்லை. தம்பிக்கு இப்போது 17 வயது. 18 ஆனதும் அவனே பேசிக் கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறேன்.

தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது பெரியம்மா எப்போதும் போல முறுக்கு மாவைப் பிசையச் சொன்னார். கணக்கைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. இரவு தண்ணீர் குடிக்கப் போனபோது, தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு 555 நோட்டு புதிதாக, நூல் கட்டிய பேனாவோடு இருந்தது. முதல் பக்கத்தில் தம்பியின் பெயர். அதன் கீழே பெரியப்பாவின் கோணல் எழுத்தில் ஒரே ஒரு வரி: ‘12.11.2023, பள்ளிச் சப்பாத்து, 45 வெள்ளி.’